கனடாவின் முன் உள்ள வழிகள்: தஞ்சைத் தரையிலிருந்து ஓர் ஒப்பீடு

நியாயவிலைக் கடையில் குடும்ப அட்டைக்கு 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ பருப்பு எப்போதும் துவரம் பருப்பாகவே இருந்ததில்லை. துவரைக்குத் தட்டுப்பாடு வந்த காலங்களில் அதே விலைக்குக் கனடா மஞ்சள் பருப்பு வந்திருக்கிறது. அது துவரையைவிடத் தட்டையானது, சீக்கிரம் குழைந்துவிடும், ஆனால் சாம்பாருக்கு அந்த மணம் வராது என்பது டெல்டா மாவட்டங்களின் அடுப்படிகளுக்கு நன்றாகத் தெரியும். கூட்டுறவுச் சங்கத்தில் சம்பாப் பயிருக்காக வாங்கும் பொட்டாஷ் மூட்டையின் கதையும் இதுதான். இந்தியா தன் பொட்டாஷ் தேவைக்கு வெளிநாடுகளையே நம்பியிருக்கிறது. கனடா, ரஷ்யா, பெலாரஸ், இஸ்ரேல், ஜோர்டான் போன்ற நாடுகளிலிருந்து வரும் அந்த உரத்தில் ஒரு பங்கு, சஸ்காச்சுவான் மாகாணத்தில் தரைக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கீழே வெட்டப்பட்டு, ரயிலேறி, கப்பலேறி, செங்கல் நிறப் பரல்களாக நம் வயல் வரப்புக்கு வந்து சேர்கிறது. ஆகவே கனடா யாரோடு சேர்ந்திருக்கப் போகிறது, யாருக்கு விற்கப் போகிறது என்ற கேள்வியை அதன் தலைநகர் ஒட்டாவாவிலிருக்கும் அரசியல்வாதிகளின் கவலை என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது.

அந்தக் கேள்வி 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கூர்மையடைந்தது. அமெரிக்காவுடன் 8,891 கிலோமீட்டர் எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் கனடா, தன் ஏற்றுமதியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கை அந்த ஒரே நாட்டுக்கு அனுப்பி வந்தது. 1940இல் ஆக்டன்ஸ்பர்க்கில் செய்துகொண்ட பாதுகாப்பு உடன்பாடு, 1949இல் நேட்டோ, 1958இல் வான்பாதுகாப்புக்கான நோராட், 1965இல் மோட்டார் வாகன ஒப்பந்தம், 1989இல் தடையற்ற வணிக ஒப்பந்தம், 1994இல் மெக்சிகோவையும் சேர்த்துக்கொண்ட நாஃப்டா என்று இரு நாடுகளும் ஒவ்வொரு தலைமுறையிலும் இன்னும் நெருங்கியே வந்தன. அத்தகைய நட்பு நாட்டின் மீது 2025 மார்ச்சில் அமெரிக்கா 25 விழுக்காடு வரி விதித்தது. எஃகுக்கும் அலுமினியத்துக்கும் தனி வரி போட்டு, ஜூனில் அதை 50 விழுக்காடாக உயர்த்தியது. கனடா 51ஆவது மாநிலமாகச் சேர்ந்துவிடலாம் என்று அமெரிக்க அதிபர் திரும்பத் திரும்பப் பேசினார். மார்ச்சில் பிரதமரான மார்க் கார்னி, பொருளாதாரமும் பாதுகாப்பும் மேலும் மேலும் பின்னிப் பிணைந்த பழைய உறவு முடிந்துவிட்டது என்று அந்த மாத இறுதியிலேயே அறிவித்தார்.

பழைய உறவு முடிந்தது என்றால் புதிய உறவு எது என்று கேட்கும்போது ஐந்து வழிகள் தெரிகின்றன: கூட்டணியை விட்டு விலகுவது, விட்டுக்கொடுத்து ஒப்பந்தத்தைக் காப்பாற்றுவது, வேறு சந்தைகளையும் வேறு நண்பர்களையும் தேடுவது, தன்னைப் போன்ற நடுத்தர வலுவுள்ள நாடுகளோடு அணிசேர்வது, உறவுக்குள் இருந்துகொண்டே சொந்த வலுவைக் கட்டிக்கொள்வது. இவற்றை மூன்று கேள்விகளால் அளந்து பார்க்கிறேன். பலன் காண எத்தனை ஆண்டு ஆகும்? அதுவரை வல்லரசு திருப்பி அடித்தால் தாங்க முடியுமா? அதற்கான செலவு உள்நாட்டில் யார் தலையில் விழும்? கடைசிக் கேள்வியை வெளியுறவு பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கேட்பதில்லை. தஞ்சை மண்ணின் வரலாறு தெரிந்தவர்கள் அதைக் கேட்காமல் இருக்க முடியாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

விலகும் வழியை முதலில் எடுத்துக்கொள்ளலாம், ஏனெனில் கோபம் கொண்ட மக்களுக்கு அதுவே முதலில் தோன்றும். அமெரிக்கக் கூட்டணியிலிருந்து ஓரளவோ முழுமையாகவோ விலகிய நாடுகள் உண்டு. 1966இல் பிரான்ஸ் நேட்டோவின் ஒருங்கிணைந்த படைக் கட்டமைப்பிலிருந்து வெளியேறி, தன் மண்ணிலிருந்த அமெரிக்கப் படைகளையும் போகச் சொன்னது. ஆனால் நேட்டோ உடன்படிக்கையை அது கைவிடவில்லை. 1960லேயே அணுகுண்டைச் சோதித்துத் தனக்கென ஒரு காப்பை ஏற்படுத்திக்கொண்ட பிறகுதான் அந்த முடிவுக்கு வந்தது. 2009இல் படைக் கட்டமைப்புக்குத் திரும்பியும் விட்டது. நியூசிலாந்து 1985இல் அமெரிக்கப் போர்க்கப்பலான புக்கானனுக்குத் துறைமுக அனுமதி மறுத்தது. அணு ஆயுதம் இருக்கிறதா இல்லையா என்று அமெரிக்கா சொல்ல மறுக்கும் எந்தக் கப்பலும் வேண்டாம் என்பதே பிரதமர் டேவிட் லாங்கே அரசின் நிலை. அடுத்த ஆண்டு அமெரிக்கா நியூசிலாந்துக்கான தன் பாதுகாப்புக் கடமையை நிறுத்திவைத்தது. நியூசிலாந்து 1987இல் அணுவிலக்குச் சட்டம் இயற்றி உறுதியாக நின்றது. அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று மீண்டும் அந்நாட்டுத் துறைமுகத்துக்கு வர 2016 நவம்பர் ஆயிற்று.

மூன்றாவது நாடு பிலிப்பைன்ஸ். 1991 செப்டம்பர் 16 அன்று அந்நாட்டு மேலவை 12-க்கு 11 என்ற வாக்கில் அமெரிக்கப் படைத்தளங்களுக்கான புதிய உடன்படிக்கையை நிராகரித்தது. மறு ஆண்டு நவம்பரில் சூபிக் தளத்திலிருந்து கடைசி அமெரிக்கப் படையினர் வெளியேறினர். காலனி ஆட்சியின் நிழலை நீக்கிய நாளாக அதைக் கொண்டாடியவர்களின் உணர்வு உண்மையானது, மதிக்கத்தக்கது. ஆனால் 1995இல் தென்சீனக் கடலில் அந்நாடு உரிமை கோரும் மிஸ்சீஃப் திட்டில் சீனக் கட்டுமானங்கள் எழுந்திருப்பது தெரியவந்தபோது, அதைத் தடுக்கும் கடற்படை பிலிப்பைன்ஸிடம் இல்லை. 1998இல் அமெரிக்கப் படையினரின் வருகைக்கு ஒப்பந்தம், 2014இல் தளங்களைப் பயன்படுத்திக்கொள்ள இன்னோர் ஒப்பந்தம் என்று படிப்படியாக அந்நாடு திரும்ப வேண்டியதாயிற்று.

விலகித் தாக்குப்பிடித்த இரு நாடுகளில் பிரான்ஸுக்குச் சொந்தப் படைவலு இருந்தது. நியூசிலாந்துக்குத் தொலைவு காப்பாக இருந்தது. இரண்டும் இல்லாத பிலிப்பைன்ஸ் திரும்பி வந்தது. கனடாவுக்கும் இரண்டும் இல்லை. வட துருவத்துக்கு மேலாக வரும் எந்த ஏவுகணையும் கனடாவின் வானத்தைக் கடந்துதான் அமெரிக்காவுக்குப் போக வேண்டும். ஆகவே கனடா நோராடை விட்டுப் போனாலும் அமெரிக்கா அந்த வானத்தை விட்டுப் போகாது. விலகுவது கனடாவுக்குத் திறந்திருக்கும் வழியன்று என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

அப்படியானால் விட்டுக்கொடுத்து, ஒப்பந்தத்தைப் புதுப்பித்து, அதிபர்கள் மாறும்வரை காத்திருக்கலாமே என்பது இரண்டாவது வழி. இதற்கு வலுவான வாதம் உண்டு. நாஃப்டாவுக்குப் பதிலாக 2020 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த அமெரிக்க, மெக்சிகோ, கனடா ஒப்பந்தத்தின் விதிகளுக்கு உட்பட்ட சரக்குகளுக்கு 2025 மார்ச் வரியிலிருந்து விலக்குக் கிடைத்ததால், அத்தனை கூச்சலுக்கு நடுவிலும் கனடாவின் ஏற்றுமதியில் பெரும்பகுதி வரியின்றியே எல்லையைத் தாண்டியது. அந்த ஒப்பந்தம் 16 ஆண்டுக் காலம் கொண்டது. ஆறாம் ஆண்டு நிறைவான 2026 ஜூலை 1 கூட்டு மறுஆய்வுக்கு உரிய நாள். மூன்று நாடுகளும் ஒப்பினால் காலம் இன்னொரு 16 ஆண்டுக்கு நீளும், ஒப்பாவிட்டால் ஆண்டுதோறும் மறுஆய்வு. காக்க வேண்டிய சொத்து ஒன்று இருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

ஆனால் விட்டுக்கொடுத்தால் அது நிலைக்குமா? கனடா விட்டுக்கொடுத்துப் பார்த்தது. பெரிய இணைய நிறுவனங்களின் வருவாய்க்கான எண்மச் சேவை வரியை 2025 ஜூன் 29 அன்று, பேச்சுவார்த்தை தொடர வேண்டும் என்பதற்காகவே கைவிட்டது. ஆகஸ்ட் 1 அன்று 25 விழுக்காட்டு வரி 35 ஆயிற்று. செப்டம்பர் 1 முதல் கனடா தன் பதில் வரிகளில் பெரும்பாலானவற்றை நீக்கிக்கொண்டது. அக்டோபரில், ஒன்டாரியோ மாகாணம் வெளியிட்ட ஒரு தொலைக்காட்சி விளம்பரத்தைக் காரணம் காட்டி அமெரிக்கா பேச்சையே நிறுத்தியது.

இந்த இடத்தில் தஞ்சாவூர் மராட்டிய அரசின் அனுபவத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1762இல் ஆற்காட்டு நவாபுக்கும் தஞ்சை மன்னர் பிரதாப சிம்மருக்கும் இடையே கப்பத் தகராறு முற்றியபோது, சென்னையின் ஆளுநர் ஜார்ஜ் பிகட் நடுவராக வந்து உடன்படிக்கை செய்துவைத்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அதற்குப் பொறுப்பேற்றது. பிகட் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். 1771இல் அதே கம்பெனியின் படை நவாபுக்குத் துணையாக வந்து தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டது. 1773இல் கோட்டையைப் பிடித்து மன்னர் துளஜாவைச் சிறைவைத்தது. காப்பாற்றுவதாகக் கையெழுத்திட்ட நிறுவனமே பதினோராம் ஆண்டில் கோட்டைக்குள் புகுந்தது. தஞ்சை நடுவில் பெரிய குற்றம் செய்ததால் வந்த வினையன்று அது. நவாபுக்குக் கடன் கொடுத்திருந்த சென்னை வெள்ளையர்களுக்குத் தஞ்சையின் நெல் வருவாய் தேவைப்பட்டது. லண்டனின் ஆணையோடு பிகட் திரும்பி வந்து 1776 ஏப்ரலில் துளஜாவை மீண்டும் அரியணையில் அமர்த்தினார். அந்த ஆகஸ்டிலேயே அவருடைய ஆலோசனைக் குழுவினர் அவரைக் கைது செய்தனர்; மறு ஆண்டு காவலிலேயே அவர் இறந்தார். துளஜாவுக்கு அரியணையோடு சேர்ந்து கிடைத்தது, தன் செலவில் பராமரிக்க வேண்டிய கம்பெனிப் படை. 1799 உடன்படிக்கையில் இரண்டாம் சரபோஜிக்குக் கோட்டையும் உதவித்தொகையும் மிஞ்சின. 1855இல் இரண்டாம் சிவாஜி ஆண்வாரிசின்றி மறைந்ததும் அதுவும் முடிந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, வலுவுள்ளவனின் வாக்குறுதி அவனுடைய வீட்டுக்குள் நடக்கும் சண்டைக்குக் கட்டுப்பட்டது என்பதைத்தான். தஞ்சையின் காரியத்தில் கையெழுத்து வாங்கியவராவது திரும்பி வந்து அதைக் காப்பாற்ற முயன்றார். கனடாவின் காரியத்தில் 2018 நவம்பரில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட டொனால்ட் டிரம்ப்தான் 2025இல் அதற்கு மேல் வரி போட்டார். மேட்டூரின் மதகு ஜூன் 12இல் திறக்குமா என்று மேலே பார்த்துக்கொண்டிருக்கும் கடைமடைக்காரரைப் போல, நான்காண்டுக்கு ஒருமுறை அமெரிக்கத் தேர்தலைப் பார்த்துக்கொண்டு ஒரு நாடு தன் தொழிற்சாலைகளைத் திட்டமிட முடியாது. ஆகவே ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது தேவை; அதை மட்டும் நம்புவது கூடாது. இதைவிடவும் நெருங்கிச் சுங்க ஒன்றியம் வரை போய்விடலாம் என்ற யோசனையும் அவ்வப்போது எழுவதுண்டு. அது தஞ்சை 1776இல் ஏற்றுக்கொண்ட கம்பெனிப் படையைப் போல நுழைவதற்கு எளிதாகவும் வெளியேறுவதற்கு அரிதாகவும் இருக்கும் என்பதால் அதை நீட்டி எழுதத் தேவையில்லை.

மூன்றாவது வழியான புதிய சந்தைகளைத் தேடுவதற்கு ஒரு நீண்ட முன்கதை இருக்கிறது. 1971 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன் எல்லா நாட்டு இறக்குமதிக்கும் 10 விழுக்காடு கூடுதல் வரி விதித்தபோது, தனக்கு விலக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்த்த கனடாவுக்கு அது கிடைக்கவில்லை. மறு ஆண்டு ஒட்டாவாவின் நாடாளுமன்றத்தில் பேசிய நிக்சன், இரு நாடுகளும் உணர்ச்சிவசப்பட்ட பேச்சை விட்டுவிட்டுத் தத்தம் நலன்களைப் பார்க்க வேண்டும் என்றார். அதே 1972இல் வெளியுறவு அமைச்சர் மிட்செல் ஷார்ப் மூன்று வழிகளை முன்வைத்தார்: இருப்பது போலவே இருப்பது, அமெரிக்காவோடு இன்னும் இணைவது, அமெரிக்காவைச் சார்ந்திருக்கும் அளவைக் குறைப்பது. கனடா மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தது. 1976இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தோடு உடன்பாடும் கையெழுத்தானது.

விளைவு தலைகீழாக அமைந்தது. கனடாவின் ஏற்றுமதியில் அப்போது 70 விழுக்காட்டை ஒட்டியிருந்த அமெரிக்கப் பங்கு, 2000ஆம் ஆண்டு வாக்கில் 85 விழுக்காட்டைத் தாண்டியது. அரசு உடன்பாட்டில் கையெழுத்திடலாம். சரக்கை எங்கே விற்பது என்று முடிவு செய்கிறவர் வணிகர். தண்டவாளங்களும் குழாய்களும் தெற்கு நோக்கி ஓடும் நாட்டில், மோட்டார் உதிரிபாகங்கள் ஒரே காருக்காக விண்ட்சர், டெட்ராய்ட் எல்லையைப் பலமுறை தாண்டும் நாட்டில், அட்லாண்டிக்கைக் கடந்து விற்க வணிகருக்கு எந்த அவசரமும் இருக்கவில்லை. இந்தத் தோல்வியைக் காட்டி, இப்போதும் இது நடவாது என்று சொல்வோர் உண்டு. எனக்கு அது முழுவதும் சரியாகப் படவில்லை. 1972இல் கனடாவிடம் கொள்கை இருந்தது, துறைமுகத்துக்கான வழி இல்லை. 2024 மே மாதம் விரிவாக்கப்பட்ட டிரான்ஸ் மவுன்டன் குழாய் ஓடத் தொடங்கிய பின், நாளொன்றுக்கு 8,90,000 பீப்பாய் எண்ணெயைப் பசிபிக் கரைக்குக் கொண்டுசெல்ல வழி கிடைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு 2017 முதலும், பசிபிக் நாடுகளோடு 2018 இறுதி முதலும் வணிக ஒப்பந்தங்கள் நடைமுறையில் உள்ளன. ஆயினும் அந்தக் குழாயைப் போட எடுத்த காலத்தையும் பொதுப்பணத்தையும் பார்த்தால், இந்த வழியின் பலனை ஆண்டுக் கணக்கில் எண்ணக்கூடாது, பத்தாண்டுக் கணக்கில்தான் எண்ண வேண்டும் என்று புரியும்.

சந்தை மாற்றத்தில் சீனா தனியாகப் பார்க்கப்பட வேண்டியது. 2018 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் வேண்டுகோளின் பேரில் சீனத் தொலைத்தொடர்பு நிறுவனமான ஹுவாவேயின் நிதித் தலைவர் மெங் வான்ஜோவைக் கனடா கைது செய்தது. பத்து நாள்களுக்குள் சீனா இரண்டு கனடியர்களைப் பிடித்துச் சிறைவைத்தது. அவர்கள் வெளியே வர 2021 செப்டம்பர் ஆயிற்று. ஒரு வல்லரசின் சொல்லைக் கேட்டதற்காக இன்னொரு வல்லரசிடம் அடிபட்ட அனுபவம் அது. சீன மின்வாகனங்களுக்கு 2024 அக்டோபரில் கனடா 100 விழுக்காடு வரி போட்டதும் அமெரிக்காவைப் பின்பற்றித்தான். அதற்குப் பதிலாகச் சீனா 2025இல் கனோலா என்னும் கடுகு இன வித்தின் எண்ணெய்க்கும் பட்டாணிக்கும் 100 விழுக்காடு வரி விதித்தது. மேற்கு மாகாண உழவர்கள் யாரோ இருவர் சண்டைக்கு நடுவில் நசுங்கினார்கள். 2026 ஜனவரியில் கார்னி பெய்ஜிங் சென்று, 49,000 மின்வாகனங்களைக் குறைந்த வரியில் அனுமதிக்கவும் அதற்கு ஈடாகக் கனோலா வரியைத் தளர்த்தவும் பேசி முடித்ததைப் பலர் துரோகம் என்றார்கள். என் பார்வையில் அது அளவோடு செய்யப்பட்ட சரியான காரியம். விதையும் வண்டியும் விற்று வாங்குவதில் எல்லை கட்டலாம். தொலைத்தொடர்பு வலையமைப்பையும் கனிமச் சுரங்கங்களையும் ஒப்படைத்தால் எல்லை கட்ட முடியாது. சீனாவை அமெரிக்காவுக்கு மாற்றான காவலாக எண்ணுவது, நவாபிடமிருந்து தப்பிக் கம்பெனியிடம் போன தஞ்சையின் பாதை.

நான்காவது வழியை உலக மேடையில் உரக்கச் சொன்னவர் கார்னியே. 2026 ஜனவரியில் டாவோஸில் நடந்த உலகப் பொருளாதார மன்றக் கூட்டத்தில் பேசியபோது, நாம் காண்பது மெல்ல நடக்கும் மாற்றம் அன்று, ஓர் உடைப்பு என்றார். நடுத்தர வலுவுள்ள நாடுகள் சேர்ந்து செயல்பட வேண்டும் என்றார். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் 2025 ஜூலையில் நடந்ததை மறந்துவிட முடியாது. ஜப்பான், ஐரோப்பிய ஒன்றியம், தென்கொரியா மூன்றும் ஒரே மாதத்துக்குள் தனித்தனியாக வாஷிங்டனோடு பேசி, தனித்தனியாக 15 விழுக்காட்டு வரியை ஏற்றுக்கொண்டன. சேர்ந்து நின்றிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதை அவை சோதித்துக்கூடப் பார்க்கவில்லை. பெரிய அணியாக அல்லாமல், ஒரு குறிப்பிட்ட வேலைக்காகச் சேரும்போதுதான் இந்த நாடுகள் சாதித்திருக்கின்றன. உலக வணிக அமைப்பின் மேல்முறையீட்டு அமர்வு, அமெரிக்கா உறுப்பினர் நியமனத்தைத் தடுத்ததால் 2019 டிசம்பரில் செயலிழந்தது. அடுத்த ஆண்டே கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் வேறு பல நாடுகளும் தங்களுக்குள் ஓர் இடைக்கால மேல்முறையீட்டு ஏற்பாட்டைச் செய்துகொண்டன. 2023இல் ஜப்பானும் சேர்ந்தது. வடதுருவத்தைக் கண்காணிக்கும் ராடாரைக் கனடா ஆஸ்திரேலியாவிடமிருந்து வாங்க முடிவு செய்ததும், நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு ஜெர்மனியையும் தென்கொரியாவையும் 2025இல் தெரிந்தெடுத்துப் பேசியதும் இந்த வகையே. இவை எதுவும் ஒரு கூட்டணிக்கு ஈடாகா. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு சார்பைக் குறைக்கிறது.

உறவுக்குள் இருந்துகொண்டே சொந்த வலுவைக் கட்டிக்கொள்ளும் ஐந்தாவது வழிதான் என் தேர்வு. அதற்கான சான்று எங்கள் வயல்களிலேயே இருக்கிறது. 1965, 66இல் அடுத்தடுத்து மழை பொய்த்தபோது இந்தியா அமெரிக்கக் கோதுமையை நம்பி இருந்தது. 1966இல் மட்டும் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியம் இறக்குமதியானது. வியட்நாம் போரை இந்தியா குறைகூறியதில் எரிச்சலடைந்த அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன், ஆண்டுக்கான ஒப்பந்தத்தை நிறுத்தி, மாதக் கணக்கில் கப்பல்களை அனுப்பினார். அடுத்த கப்பல் வருமா என்று ஒரு நாடே காத்திருந்தது. அன்றைய உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம் அமெரிக்காவோடு சண்டையும் போடவில்லை, கெஞ்சிக்கொண்டு மட்டும் நிற்கவும் இல்லை. கோதுமை வந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளிலேயே, 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமையை வரவழைத்தார்.

நெல்லில் அந்த முயற்சியின் முன்வரிசையில் நின்றது தஞ்சை. 1960இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு முதலில் தெரிவு செய்யப்பட்ட ஏழு மாவட்டங்களில் அன்றைய ஒன்றுபட்ட தஞ்சாவூரும் ஒன்று. 1922இல் ஏற்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில், ஜப்பானிய ரகத்தையும் நம் ரகத்தையும் கலந்து உருவான ஆடுதுறை 27, அறுபதுகளின் நடுவில் குறுவை வயல்களில் வேகமாகப் பரவியது. அந்தத் திட்டத்துக்கு உதவியது அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளை என்பதைக் கவனிக்க வேண்டும். வல்லரசைச் சார்ந்திருப்பதைக் குறைக்கும் வேலை, அந்த வல்லரசு நாட்டின் பணத்தையும் அறிவையும் வாங்கிக்கொண்டே நடந்தது. சில ஆண்டுகளிலேயே கப்பல் கணக்குப் பார்க்கும் நிலை தளர்ந்தது. உறவை முறித்திருந்தால் பட்டினி. அப்படியே தொடர்ந்திருந்தால் அடிமைத்தனம். இரண்டுக்கும் இடையே கிடைத்த காலத்தை வீணாக்காமல் பயன்படுத்தியதே அந்தத் தலைமுறையின் பெருமை.

ஆனால் அதன் செலவு யார் தலையில் விழுந்தது? புதிய விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்கும் தகுதி, நிலம் உள்ளவரிடம் இருந்தது. மகசூல் கூடிய வயலில் இறங்கி நட்டவருக்கும் அறுத்தவருக்கும் அதே அளவில் கூலி கூடவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வுக்கான போராட்டத்தை ஒட்டி மூண்ட பகையில், கீழ்வெண்மணியில் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்தக் கொடுமையின் வேர் சாதியிலும் நில உடைமையிலும் இருந்தது. கூடிய விளைச்சலின் பங்கு யாருக்கு என்ற சண்டை அதை மூட்டிய காரணங்களில் ஒன்று. நாட்டின் தன்னிறைவைப் பற்றி எழுதும்போது இந்தப் பக்கத்தை விட்டுவிட்டு எழுதுவது எனக்கு நேர்மையாகத் தோன்றவில்லை.

கனடாவுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், ஒப்பந்த மறுஆய்வில் பிடிவாதமாகப் பேசிக் காலத்தை வாங்குவதும், வாங்கிய காலத்தில் துறைமுகம், மின்கம்பி, ராடார், மாகாணங்களுக்கிடையேயான தடையற்ற வணிகம் ஆகியவற்றைக் கட்டுவதும்தான் செய்யத்தக்கது. மாகாணங்களுக்கிடையேயான வணிகத்துக்கு மத்திய அரசின் விதிகளால் இருந்த தடைகளை நீக்க 2025 ஜூனில் சட்டம் வந்துவிட்டது. 88 அமெரிக்க எஃப்-35 போர்விமானங்களுக்கான ஒப்பந்தத்தை மறுபரிசீலனைக்கு எடுத்ததையும் நான் வரவேற்கிறேன். முழுவதும் கைவிடாவிட்டாலும், எத்தனை வாங்குவது என்ற கேள்வியைத் தன் கையில் வைத்திருப்பதே பேரத்துக்கு உதவும். பொட்டாஷும் அப்படித்தான். அமெரிக்க உழவர்கள் தங்கள் பொட்டாஷில் பெரும்பகுதியைக் கனடாவிடமிருந்து வாங்குவதால்தான், 2025 மார்ச்சில் மற்றவற்றுக்கு 25 விழுக்காடு என்று அறிவித்த அமெரிக்கா, இரண்டே நாளில் பொட்டாஷுக்கு அதை 10 ஆகக் குறைத்துக்கொண்டது. ஆனால் ஹாமில்டனின் எஃகுத் தொழிலாளியும் விண்ட்சரின் கார் தொழிலாளியும் இந்தப் பத்தாண்டை எப்படிக் கடப்பார்கள் என்பதற்குத் திட்டமில்லாமல் ஆல்பர்ட்டாவின் எண்ணெய்க்குக் குழாய் மட்டும் போட்டால், தேர்தலில் அந்தக் கொள்கையே தோற்கும். நாடு பழையபடி வாஷிங்டனிடம் திரும்பும்.

இனி நம் பக்கம். கனடாவும் இந்தியாவும் 2023இல் முறிந்த உறவை 2025இல் ஒட்டவைத்து, அந்த நவம்பரில் விரிவான பொருளாதார ஒப்பந்தத்துக்கான பேச்சைத் தொடங்க ஒப்புக்கொண்டன. கனடா கேட்கப்போவது பருப்புக்கும் பட்டாணிக்குமான நிலையான சந்தையை. அந்தக் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது: இந்தியா மஞ்சள் பட்டாணிக்கு 2017 நவம்பரில் 50 விழுக்காடு வரி போட்டது, 2023 டிசம்பரில் அடியோடு நீக்கியது, 2025 நவம்பரில் மறுபடியும் 30 விழுக்காடு போட்டது. ஒரு வல்லரசின் மனமாற்றத்திலிருந்து தப்பி வருபவர்களுக்கு நாமும் அதையே காட்டினால் அவர்கள் ஏன் நம்மிடம் வர வேண்டும்? அதே சமயம், சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாள் முன்பே வயலின் ஈரத்தில் விதைத்து, பங்குனி, சித்திரையில் உளுந்தும் பயறும் எடுக்கும் டெல்டா உழவருக்கு, வரியில்லாத பட்டாணி வந்து குவியும் ஆண்டில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விலை கேட்க ஆளிருக்காது. ஆகவே டெல்டாவின் உழவர் அமைப்புகளும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் தில்லியில் முன்வைக்க வேண்டியது ஆண்டு முழுவதற்கும் தடை என்ற கோரிக்கையை அன்று. மாசி முதல் வைகாசி வரை உயர்ந்த வரி, மற்ற மாதங்களில் குறைந்த வரி, இரண்டும் ஐந்தாண்டுக்கு மாறாது என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்; அதற்கு ஈடாகப் பொட்டாஷுக்கு ஐந்தாண்டு விலையும் அளவும் உறுதி செய்யும் கொள்முதல் ஒப்பந்தத்தைக் கனடாவிடம் கேட்க வேண்டும்.